பத்துக்கு மேல் இடது கை

லிஃப்ட்காரருக்குச் சாஃப்ட்பால் விளையாடத் தெரியாது. பயிற்சியாளராகி மூன்றாவது ஆண்டு நடக்கிறது, இப்போதும் அவரே அதைச் சொல்லிக்கொள்வார். கேட்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவருடைய மஞ்சள் சட்டை அணி தோற்றதை அவர்கள் யாரும் சமீபத்தில் பார்த்ததில்லை.

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பகலில் பெரும்பகுதி இருட்டுக் குழிக்குள், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே கிரீஸ் வாசனையில் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை மைதானத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவதுதான் ஆரம்பத்தில் அவருடைய திட்டம். அப்போதிருந்த பயிற்சியாளர் மாற்றலாகி வேறு ஊருக்குக் கிளம்பும்போது, "ஒரு வாரம் மட்டும் பாத்துக்கங்க" என்று விசிலை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த விசிலைத் திருப்பிக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

தெரியாத இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பதுபோல அவர் அந்த ஆட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். ஆடுவது பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். அவர்கள் அடிக்கும் பந்து பறப்பதில்லை, உருள்கிறது. உருளும் பந்தை எடுத்து, அடித்தவள் முதல் பேஸுக்கு, அதாவது தரையில் பதித்த முதல் தட்டுக்கு, ஓடி வருவதற்குள் அங்கே நிற்பவள் கைக்கு எறிந்துவிட்டால் அவள் அவுட். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம், மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. மற்றப் பயிற்சியாளர்கள் மட்டை வீச்சும் சறுக்கிப் போய்ப் பேஸைத் தொடுவதும் சொல்லித் தந்துகொண்டிருக்க, இவர் எடு, எறி என்பதை மட்டும் வாரா வாரம் செய்யவைத்தார்.

"கோச், வேற ஏதாவது பண்ணலாமே?" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"வேற எதுவும் ரிப்பேர் ஆகலையே."

இதன் விளைவு அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஓர் அணிக்கு முதல் பேஸுக்கு எறியத் தெரிகிறது, இன்னோர் அணிக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அவுட் எடுக்க முடியாத அணி வெயிலில் நின்றுகொண்டே இருக்கிறது. நின்று களைக்கிறது, களைத்ததால் பந்தை நழுவவிடுகிறது, நழுவவிட்டதால் இன்னும் நிற்கிறது. கடைசியில் பலகையில் இருபதுக்கு ஒன்று என்று எழுதுகிறார்கள். பார்க்கிறவர்கள் ஓர் அணி இன்னொன்றைவிட இருபது மடங்கு உசத்தி என்று நம்பிவிடுகிறார்கள். மஞ்சள் அணியின் பெற்றோர்கள் முழுமனதாக நம்பினார்கள். லிஃப்ட்காரர் நம்பவில்லை. ஒவ்வொரு பெரிய வெற்றிக்குப் பிறகும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும் எந்த இயந்திரத்தையும் அவரால் சகித்துக்கொள்ள முடியாது, அவ்வளவே.

இந்தக் கூச்சம் அந்த வசந்தத்தில் முற்றியதற்குக் காரணம் பச்சைச் சட்டை அணி. அதை நடத்தியது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. மருந்துக்கடையில் வேலை. வாய் ஓயாது. அக்கா வீட்டுக்காரர் ஓர் அணி நடத்தும்போது தான் ஒன்று நடத்தினால் என்ன என்று ஒன்பது சிறுமிகளைத் திரட்டியிருந்தார். ஆட வேண்டியது ஒன்பது பேர், இருந்ததும் ஒன்பது பேர். எட்டுக்குக் கீழே குறைந்தால் அன்றைய ஆட்டம் போயிற்று. அப்படி இரண்டு முறை நடந்தால் அணியையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்த ஒன்பதில் ஒருத்தியே உண்மையான ஆட்டக்காரி, பந்து வீசும் பிட்சர். வீசிய வேகத்தில் தானும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்பாள். பம்பரம் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளும் அதை விரும்பினாள்.

மஞ்சளும் பச்சையும் மோதிய முதல் ஆட்டத்தில், இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் பதினேழுக்குப் பூஜ்யம். பச்சை அணியில் இருவர் ஓரமாக உட்கார்ந்து புல் பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போதுதான் லிஃப்ட்காரர் தம்முடைய ஏற்பாட்டை அமல்படுத்தினார்.

அது அவர் தொழிலிலிருந்து வந்த யோசனை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் கூண்டை மட்டும் பார்க்கிறார்கள். சுவருக்குப் பின்னால், அதே கயிற்றின் மறுமுனையில், ஓர் எதிர் எடை தொங்குகிறது. கூண்டு ஏறினால் அது இறங்கும், கூண்டு இறங்கினால் அது ஏறும். அது இருப்பதே பயணிக்குத் தெரியாமல் இருந்தால்தான் நல்ல லிஃப்ட். ஆட்டத்துக்கும் அப்படி ஓர் எதிர் எடையை மறைவாகத் தொங்கவிடலாம் என்று அவர் நினைத்தார். பேஸில் நிற்கும் ஓட்டக்காரி, பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும்வரை காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் அவுட் என்று ஒரு விதி உண்டு. அதனால் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்: "நான் தொப்பியக் கழட்டித் தலையத் துடைச்சா, பேஸ்ல இருக்கறவ கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடணும்."

தொப்பி கழன்றது. ஓட்டக்காரி கிளம்பினாள்.

"அவுட்!" என்றார் அம்பயர் அம்மா.

பச்சை அணி துள்ளியது. புல் பிடுங்கியவர்கள் எழுந்து நின்றார்கள். மச்சான் மைதானத்தின் ஓரத்தில் ஆளுயரம் குதித்தார். "பாத்தீங்களா மாமா! எங்க ஆளுங்க முழிச்சிக்கிட்டாங்க!"

"பாத்தேன் மாப்ளே, பாத்தேன்."

அடுத்த இன்னிங்ஸிலும் தொப்பி கழன்றது. பம்பரம் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். கையை உயர்த்தியபின் பந்தை ஒரு நொடி பிடித்துவைத்தால் ஓட்டக்காரிகள் ஏமாந்து ஓடிவிடுகிறார்கள்! இந்த உத்தியைத் தன் அணியில் ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாள். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த ஒரு நொடியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். லிஃப்ட்காரரின் மகள் நடிகையாகாமல் இருந்திருந்தால்.

இரண்டாவது பேஸில் நின்றிருந்த அவள், அப்பா தொப்பியைத் தொட்டதுமே கிளம்பிவிட்டாள். பம்பரம் அப்போது குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மகள் பாதி வழியில் நின்று, இரு கைகளையும் தலையில் வைத்து, "ஐயோ, தெரியாம ஓடிட்டேனே!" என்று ஊருக்கே கேட்கும்படி அலறினாள்.

பம்பரம் நிமிர்ந்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு லிஃப்ட்காரரின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். மேகமூட்டமான, குளிர்ந்த காலை. பந்தைத் தரையில் வைத்துவிட்டு அவரை நோக்கி நடந்து வந்தாள்.

"அங்கிள், உங்களுக்கு வேர்க்கவே இல்லையே?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"தொப்பிய எடுத்தா ஓடணும்னு சொல்லியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். "ஆமாம்மா."

"எல்லா அவுட்டும் அப்படித்தானா?"

"எல்லாம் இல்ல. முதல் இன்னிங்ஸ்ல எடுத்தீங்களே மூணு, அது மூணும் நிஜம்."

"நான் பந்தப் பிடிச்சு வெச்சனே. அதனால இல்லையா?"

பம்பரம் கிளவுஸைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்துவிட்டு, மைதானத்தைக் கடந்து வெளியே போய்விட்டாள். கூடவே இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஆட்டம் அத்தோடு நின்றது.

மச்சானுக்குச் செய்தி முழுதாக உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. "மாமா, நான் அந்தக் குதி குதிச்சனே. அப்ப உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல மாப்ளே."

"அக்காகிட்ட சொல்றேனா இல்லையா பாருங்க!"

சொல்லிவிட்டார். லிஃப்ட்காரரின் மனைவி பேருந்து ஓட்டுநர், அன்று காலை வேலை. மாலையில் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தவர், "பஸ்ஸ டிப்போவுல விடறதுக்குள்ள நாலு தடவ போன் பண்ணிட்டான்" என்றார். "அழுதுருவான் போல இருக்கு. என்னங்க பண்ணி வெச்சீங்க?"

"நல்லதுதான் பண்ண நெனச்சேன்."

"நான் நல்லாத்தான்பா நடிச்சேன்" என்றாள் மகள்.

"நீ நடிச்சதுலதான் எல்லாமே போச்சு. பேசாம சாப்பிடு." மனைவி ஷூவைக் கழற்றிக் காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டார். "படி ஏற முடியாதவங்க வந்தா நான் பஸ்ஸ நடைபாதை ஓரமா ஒட்டி நிறுத்தறேன். எல்லாரும் பாக்கறாங்க. ஏறறவங்களுக்கும் தெரியும், அவங்க ஒண்ணும் கோவிச்சிக்கறதில்ல. நீங்க என்னடான்னா ஏறவே விடாம, ஏறிட்டேன்னு அந்தப் பொண்ண நம்ப வெச்சிருக்கீங்க."

லிஃப்ட்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார்: "அவ வரலேன்னா?"

"ஆறு பேரோட என்ன ஆடறது? டீமக் கலைச்சிட வேண்டியதுதான்னு சொல்றான். மூணு மாசமா அந்தப் பசங்க பின்னாடி அலைஞ்சு சேத்தது." மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவன் வாய்தான் பெருசுங்க. உங்களுக்கே தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே இரு அணிகளுக்குத்தான் ஆட்டம். நான்கே அணிகள் உள்ள போட்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இரண்டு நாள் பொறுத்து, லிஃப்ட்காரர் கிரீஸ் கறையோடு மருந்துக்கடைக்குப் போனார். பம்பரத்தின் அம்மா அங்கேதான் பில் போடுபவர். பள்ளி விட்டதும் மகள் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மச்சான் மாமாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கவுன்டரில் இல்லாத தூசியைத் துடைத்தார். துடைத்தபடியே கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டினார்.

பஞ்சு உருளைகள் அடைத்த பெட்டிமேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

"எதுக்கு?"

"உன்ன ஏமாத்தினதுக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தாள்.

சரி என்பது போதாது என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை வருவியா?"

"நிஜமா ஆடுவீங்களா?"

"நிஜமா ஆடினா நாப்பது ஓட்டம் வரும்மா."

"வரட்டும்."

கவுன்டரிலிருந்து மச்சான் குரல் வந்தது. "வரட்டுமாம்! உனக்கென்ன, நீ பாட்டுக்கு நடுவுல நின்னு சுத்துவ. பந்து பொறுக்கிப் பொறுக்கி மத்தவளுங்க முதுகு ஒடியணுமா?"

"தம்பி, என் இருமல் மருந்து" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"இதோ தரேங்க, ஒரு நிமிஷம்."

பம்பரம் பென்சிலைக் கடித்தாள். அவள் சொன்னதும் சரி, மச்சான் சொன்னதும் சரி. பொய்யாக ஆடினால் இவளுக்கு அவமானம், மெய்யாக ஆடினால் மற்ற எட்டுப் பேருக்கு வாதை. இரண்டுக்கும் நடுவில் இடமிருப்பதாக லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

"உங்களுக்குக் கஷ்டமா ஆக்குங்க" என்றாள். "ஆனா எங்களுக்குத் தெரிஞ்சு. பத்து ஓட்டம் ஜாஸ்தி ஆயிட்டா உங்க ஆளுங்க எல்லாரும் இடது கைப் பக்கம் திரும்பி நின்னு அடிக்கணும். அடிக்கிறத நிஜமா அடிக்கணும். அவுட்டானா நிஜமா அவுட்."

"எல்லாரும்னா?"

"உங்க பொண்ணும்தான். அவளுக்குத் தனியா வேற ஏதாவது தண்டனை குடுக்கலாம்."

"நியாயமாத்தான் படுது" என்றார் இருமல்காரர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

லிஃப்ட்காரர் யோசித்தார். ஆட்டத்துக்கு முன்பே அம்பயர் அம்மா இதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும் என்றார். சரி என்றாள். மற்ற இருவரையும் யார் அழைத்து வருவது என்று கேட்டார். அது தன் வேலை என்றாள்.

"தொப்பி மட்டும் போட்டுட்டு வராதீங்க" என்று கடைசியாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. தொப்பி இல்லாத தலையோடு லிஃப்ட்காரர் பச்சை அணியை எண்ணினார். ஏழு. பம்பரம் வேலியோரம் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் யாரிடமும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே பார்க்கச் சங்கடமாக இருந்தது. கடைசியில் சைக்கிளில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு பச்சைச் சட்டைகள் வந்து சேர்ந்தன. "டயர் பஞ்சர்!" என்று தூரத்திலிருந்தே கத்தினார்கள். மச்சானுக்கு உடனே வாய் திரும்பி வந்தது. அதில் பாதி திட்டு, பாதி கொஞ்சல்.

எதிர்பார்த்தபடியே மஞ்சள் அணி பதினொன்றுக்கு ஒன்று என்று முன்னால் போனது. "இடது!" என்று அம்பயர் அம்மா கூவினார். அடுத்த ஆட்டக்காரி திரும்பி நின்றாள். மட்டை அவள் கையில் யாரோ இரவல் கொடுத்த குடைபோல இருந்தது. மூன்று வீச்சு, மூன்றும் காற்றில். அவுட். அடுத்தவளும் அப்படியே. மச்சான் குதிக்கக் கிளம்பியவர், பாதியில் நின்று மாமாவைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது நிஜம்தானே?"

"குதி மாப்ளே, குதி."

குதித்தார்.

அடுத்து வந்தவள் லிஃப்ட்காரரின் மகள். பம்பரம் அவளைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாள், அவ்வளவு நல்ல புன்னகை அல்ல. பந்து வந்தது. மகளின் மட்டை எப்படியோ அதைத் தொட்டது. பந்து சோம்பலாக உருண்டது. அதை யாரும் எடுப்பதற்குள் அவள் முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவளும் தட்டினாள், ஓடினாள், போய்ச் சேர்ந்தாள். அதற்கடுத்தவளும்.

அப்போதுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. இடது கைப் பக்கம் நிற்கிறவளுக்கு முதல் பேஸ் பக்கத்தில் இருக்கிறது. ஓரிரண்டு எட்டுதான் மிச்சம், ஆனால் உருளும் பந்துக்கு அது தாராளம். தண்டனை என்று போட்ட விதி பரிசாகப் போய் முடிந்திருந்தது.

"மாமா! இதுல ஏதோ உள்குத்து இருக்கு!" மச்சான் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ளே."

"ஒரு ஆணி அடிக்கக்கூட நாலு தடவ அளக்கற ஆளு நீங்க! உங்களுக்கா தெரியாது?"

"அளக்க மறந்துட்டேன்."

லிஃப்ட்காரர் முகத்தில் அசடு வழிந்தது. அம்பயர் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார். "சட்டம் போட்டது யாரு? அவங்களே சொல்லட்டும். வெச்சிக்கலாமா, எடுத்துடலாமா?"

எல்லாரும் பம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்த கிளவுஸைப் பார்த்தார். அவள் மறுபடியும் கிளவுஸைக் கழற்றினால் அதைத் திரும்ப மாட்டவைக்க அவரிடம் வேறு யோசனை இல்லை.

அவள் இடுப்பில் கைவைத்து, முதல் பேஸுக்கும் மட்டை பிடிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "நீங்க ஏன்டி அவ்ளோ தள்ளி நிக்கறீங்க? இதுங்க அடிக்கறது எறும்பு வேகத்துல வருது. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. பயந்தா கண்ண மூடிக்கங்க."

வந்தார்கள். அடுத்த பந்தும் உருண்டது. சைக்கிளில் வந்தவர்களில் ஒருத்தி அதை இரு கையாலும் அள்ளி முதல் பேஸைப் பார்த்து எறிந்தாள். அங்கே நின்றவள் கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டினாள். பந்து கிளவுஸில் விழுந்து, அங்கேயே தங்கியது.

"அவுட்!"

இந்த முறை யாரும் உடனே துள்ளவில்லை. பிடித்தவள் கண்ணைத் திறந்து கிளவுஸுக்குள் எட்டிப் பார்த்தாள். எறிந்தவள் தன் கையைப் பார்த்தாள். அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது. அது மச்சானின் கூச்சலைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மஞ்சள் அணியிலும் சிலர் கைதட்டிவிட்டார்கள், லிஃப்ட்காரரின் மகள் உட்பட. அவள் நடிக்கவில்லை.

ஆட்டம் பத்தொன்பதுக்கு ஐந்து என்று முடிந்தது. பலகையைப் பார்த்து எவரும் அதை நல்ல போட்டி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பச்சை அணி அதுவரை ஐந்து ஓட்டம் எடுத்ததில்லை, அதனால் அவர்கள் தோற்ற மாதிரி நடந்துகொள்ளவில்லை. எதிரணிப் பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்துக்கு இடது கை வேண்டுமா, ஒற்றைக் கை போதுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்த லிஃப்ட்காரரின் மனைவி, கணவர் பக்கமா தம்பி பக்கமா என்று சொல்ல முடியாதபடி நடுவில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல், தரையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"இந்த எடு, எறி இருக்கே. அத எங்க பசங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தரலாம்ல? வாரத்துல ஒரு நாள் வந்தாப் போதும்."

லிஃப்ட்காரர் உடனே சரி சொல்லவில்லை. அவருடைய அணியிடம் இருந்தது அந்த ஒரு வித்தை மட்டும்தான். அதுவும் இந்தப் பிட்சரும் ஒரே அணியில் சேர்ந்தால் பலகையில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். பெரிய வெற்றிகள் கூச்சமாக இருந்தன என்பது உண்மை. தோற்பது அதைவிடக் கூச்சமாக இருக்கக்கூடும் என்று இதுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்ன, தோத்துடுவோம்னு பயமா?" என்றார் மனைவி.

"கொஞ்சம்."

டீயைக் குடித்து முடித்தார். "புதன்கிழமை வரேன் மாப்ளே. எடுக்கறதும் எறியறதும்தான். பிட்சிங் எனக்குத் தெரியாது, அதுல ஒண்ணும் உதவ முடியாது."

ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த பம்பரம் நிமிராமலே சொன்னாள்: "நல்லது அங்கிள். நீங்க உங்க டீமுக்கு வீசிக் காட்டினத ஒரு தடவ பாத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் எனக்கே பந்து நேராப் போகல."

மச்சானுக்கு டீ புரையேறியது. அக்கா அவர் முதுகில் தட்டினார்.

"அஞ்சு மணிக்கா, அஞ்சரைக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.